கறுப்புப் பைக்குப் பதிலாக ஒன்று

எங்கள் தீவில், ஹட் பே ஊரில், ஆக்சிலியாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. தமிழர்களுக்கு அவள் போட்டோ அக்கா. வங்காளிகளுக்கும் ராஞ்சிக்காரர்களுக்கும் போட்டோ தீதி. கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு அடுத்து அவளுடைய ஸ்டுடியோ. முன்னால் ஒரு மேசை, கம்ப்யூட்டர், பிரின்டர். நடுவில் நீலத் திரையும் ஒரு ஸ்டூலும். அதற்கும் பின்னால் அவள் சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கிற அறை. தீவுவாசிகளுக்குத் தருகிற ஐலண்டர் கார்டுக்கும் பள்ளிக்கூட அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் அந்த ஸ்டூலில் ஒரு தடவையாவது உட்கார்ந்திருப்போம். "மோவாயக் கொஞ்சம் தாழ்த்துங்கோ" என்பாள். தாழ்த்தினால் நாம் கொஞ்சம் அழகாகத்தான் விழுவோம்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கடலில் மூழ்கியவர்கள், மரம் சாய்ந்து செத்தவர்கள், முதலை பிடித்தவர்கள், தாங்களாகவே போய்ச் சேர்ந்தவர்கள் என்று போலீசில் பதிவாகிற எந்தச் சாவுக்கும் அடக்கத்துக்கு முன்னால் படம் எடுத்தாக வேண்டும். கான்ஸ்டபிள்கள் மொபைலில் எடுப்பார்கள்தான். ஆனால் தானாவுக்கு, அதாவது போலீஸ் ஸ்டேஷனுக்கு, வந்த அதிகாரிகள் ஒவ்வொருவரும் மொபைல் படம் கோர்ட்டில் நிற்காது என்று சொல்லி, பெரிய கேமராவைக் கூப்பிடச் சொல்வார்கள். ஊரில் இருந்த ஒரே பெரிய கேமரா ஆக்சிலியாவிடம் இருந்தது.

அது அவள் புருஷன் வின்சென்ட் விட்டுப்போன வேலை. இரண்டு பேருடைய குடும்பமும் குளச்சல் பக்கத்திலிருந்து மீன் தொழிலுக்காக வந்தவை. வின்சென்டுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. போர்ட் பிளேயரில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாக இருந்து தொழில் படித்துக்கொண்டு ஹட் பேக்கு வந்து தனியாகக் கடை போட்டான். செத்தது பொம்பளையாக இருந்தால் ஆக்சிலியாவையும் கூட்டிக்கொண்டு போவான். முதல் தடவை அவள் ஒரு வங்காளிப் பெண்ணின் கலைந்த சேலையை இழுத்து மூடிவிட்டு, வெளியே வந்து வேலியோரம் வாந்தி எடுத்தாள்.

"ஒனக்கு இது வேண்டாம். நீ வீட்டுல இரி பிள்ள" என்றான் வின்சென்ட்.

"ஆம்பளைய அத்தன பேரு நிக்கியா. அவ அப்பிடிக் கெடக்கப்பிடாது" என்றாள். அடுத்த தடவையும் போனாள்.

வின்சென்ட் மஞ்சள் காமாலை முற்றிச் செத்தபோது மகள் ஜாக்குலின் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஆக்சிலியா ஒரு மாதம் கடையைப் பூட்டி வைத்திருந்தாள். பிறகு திறந்தாள். திறந்த வாரமே தானாவிலிருந்து ஆள் வந்தது. கேமராவை அதன் பையோடு தோளில் மாட்டிக்கொண்டு போனாள். பிற்பாடு ஜாக்குலின் நாகர்கோவிலில் நர்சிங் படிக்கப் போய்விட்டாள். ஆக்சிலியா தனியானாள்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வின்சென்ட் மெயின்லேண்டு போனபோது சென்னையில் வாங்கியது. கறுப்பு. சதுரமாக, உள்ளே பஞ்சு வைத்துப் புடைத்திருக்கும். மூடியில் மஞ்சள் எழுத்தில் கம்பெனிப் பெயர். எங்கள் ஊரில் அதைப்போல வேறொன்று கிடையாது. கல்யாணத்துக்கும் அதுதான் வரும், ஆனால் கல்யாணத்துக்கு அவள் வருகிறபோது லைட்டும் ஸ்டாண்டும் ஆட்டோவில் வரும், நல்ல சேலை கட்டியிருப்பாள். வேலை நாளில், சுடிதாரோடு, கறுப்புப் பையை மட்டும் மாட்டிக்கொண்டு ஆக்சிலியா வேகமாக நடந்தால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்ப்பான். அவள் ஒரு சந்துக்குள் நுழைந்தால் அந்தச் சந்தில் இருக்கிற பெண்கள் தங்கள் வீட்டு ஆட்கள் யார் யார் எங்கே என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். "யாரு அக்கா?" என்று கேட்பவர்களுக்கு அவள் "தெரியாது" என்று மட்டும் சொல்வாள். வீட்டாருக்குப் போலீஸ் சொல்வதற்கு முன்னால் வேறு யாரும் சொல்லக்கூடாது என்பது தானாவின் கட்டளை. ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட வருகிறவர்கள் கூச்சத்தோடு, "அந்தப் பைய மட்டும் கொண்டு வராதீங்கோ" என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுப் போவாள்.

சிரிக்கிற விஷயமாக இருந்தது, ரோசலினுக்கு அப்படி ஆகும்வரை.

ரோசலின் மீனவர் குடியிருப்பில் இருந்தவள். அவள் புருஷன் டெர்வின் சின்னப் படகில் தெற்கே போய் நாளாகியும் திரும்பவில்லை. காற்று மோசமாக இருந்தது. கரையில் எல்லாரும் என்ஜின் கோளாறாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், ரோசலினுக்கு முன்னால் மட்டும். அவள் நிறைமாதம்.

அன்றைக்கு அதே தெருவில் ஒரு பிள்ளைக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். ஆக்சிலியாவைப் படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. கழுத்தில் தொங்கவிட்டால் கேமரா நனையும் என்று பையில் வைத்தாள். கட்டியிருந்த நல்ல சேலைக்கு மேல் மழைக்கோட்டு. தெருமுனையில் திரும்பியபோது ரோசலின் வாசலில் நின்றிருந்தாள். மழைக்கோட்டையும் கறுப்புப் பையையும் பார்த்தாள். மற்றது எதையும் பார்க்கவில்லை.

"ஏசுவே" என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

"ரோசி, நில்லு! அது இல்ல பிள்ள, நான் புதுநன்மைக்கு..." என்று ஆக்சிலியா கத்தினாள். மழையில் கேட்கவில்லை. பாசி பிடித்த சிமென்ட் படியில் கால் வழுக்கி ரோசலின் வயிறு அடிபட விழுந்தாள்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். போர்ட் பிளேயருக்குக் கொண்டுபோக அந்த மழையில் ஹெலிகாப்டர் இறங்க முடியாது, கப்பலும் இல்லை. ரோசலினைக் காப்பாற்ற முடிந்தது. பிள்ளையை முடியவில்லை. பெண் குழந்தை. மறுநாள் சாயங்காலம் டெர்வினின் படகை வேறொரு படகு கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது. உதடு வெடித்து, கண் உள்ளே போய், உயிரோடு இறங்கினான்.

ஆக்சிலியா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். டெர்வின் அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டு வெகுநேரம் கழித்து வெளியே வந்தான்.

"எக்கா, ஒங்க மேல தப்பில்ல" என்றான். பிறகு, "அவ ஒங்களப் பாக்க மாட்டா. வராதீங்கோ" என்றான்.

அவள் போகவில்லை. வீட்டுக்கு வந்து கேமராவை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் கறுப்புப் பையை மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தாள். பஞ்சும் ரெக்சினும் உருகிக் கரும்புகை எழும்பியது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் என்ன என்று எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் கேமராவை எதிலாவது கொண்டுபோக வேண்டுமே. மழையும் உப்புக்காற்றும் உள்ள ஊரில் கையில் பிடித்துக்கொண்டு போக முடியாது. வெறும் பிளாஸ்டிக் கவரில் சுற்றினால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். பாதுகாப்பாகவும் இருக்க வேண்டும், பார்க்கிறவர்கள் கண்ணில் விழவும் கூடாது. அப்படி ஒரு பையை அவள் தேடத் தொடங்கினாள்.

முதலில் பிளாஸ்டிக் ஒயர் கூடை. அடியில் துண்டை மடித்துப்போட்டுக் கேமராவை வைத்து மேலே கீரைக்கட்டு. இடுக்கு வழியாக எல்லாம் தெரிந்தது. அடுத்தது டிபன் கேரியர் பை. அளவு அச்சாகப் பொருந்தியது. அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் எதிரே வருகிறவர்களெல்லாம், "யாரு அட்மிட்டு?" என்று நிறுத்தி விசாரித்தார்கள். ஜாக்குலின் விட்டுப்போன பள்ளிப் பையை முதுகில் மாட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் அவளுக்கே வினோதமாக இருந்தது. கேமராவை எடுப்பதற்கு ஒவ்வொரு தடவையும் பையைக் கழற்ற வேண்டும், கீழே வைக்க வேண்டும். அவள் போகிற இடங்களில் கீழே வைக்க முடியாது.

பன்னீர்செல்வம் கடையில் பெண்களுக்கான கைப்பைகள் தொங்கின. பொன் நிறக் கொக்கியும் பளபளப்பும்.

"லேட்டஸ்ட் ஃபேஷன் அக்கா. நேத்துதான் கப்பல்ல வந்துச்சு" என்றான் பன்னீர்செல்வம்.

"லேட்டஸ்ட் எனக்கு வேண்டாம். எல்லாருகிட்டயும் இருக்கது வேணும்."

"எல்லார்ட்டயும் இருக்கறத நான் எதுக்கு அக்கா விக்கணும்?"

நாகர்கோவிலிலிருந்து ஜாக்குலின் மொபைலில் படங்கள் அனுப்பினாள். பார்ப்பதற்குச் சாதாரணத் தோள்பை போல இருக்கும், உள்ளே கேமராவுக்கு அறைகள் இருக்கும், அப்படித் தயாரித்தே விற்கிறார்களாம். ஆக்சிலியா ஒவ்வொன்றாகப் பெரிதுபடுத்திப் பார்த்தாள். அது பெரிய ஊர்களில் சாதாரணம். கப்பல் வந்து நிற்கிற ஹட் பே ஜெட்டியில் அதை மாட்டிக்கொண்டு இறங்கினால் எந்த ரிசார்ட்டுக்கு என்று ஆட்டோக்காரன் கேட்பான்.

"ம்மா, பைய விடு. அந்த வேலய விட்டுடேன்" என்றாள் மகள்.

"நான் விட்டா ஆரு போவா?"

"யாராச்சும் போறாங்க. ஒனக்கென்ன?"

"பொம்பளையளும் சாவுகாளே மோளே" என்றாள் ஆக்சிலியா.

அதன் பிறகு அவள் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற பெண்களின் தோள்களைப் பார்க்க ஆரம்பித்தாள். கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள், ரேஷனுக்குப் போகிறவர்கள், கோயிலுக்கு, பூஜைக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபட்டது. வங்காளி, தெலுங்கு, மலையாளி, தமிழ் என்ற வித்தியாசமில்லாமல் நிறையப் பேர் தோளில் குறுக்காக ஒரு துணிப்பை மாட்டியிருந்தார்கள். மங்கிய காவி நிறம், அல்லது சேற்றுப் பச்சை. அகலப் பட்டை. ஒரு பூவோ ஓர் எழுத்தோ கிடையாது. ருக்கு தைத்தது.

ருக்கு பழைய பாமாயில் தோட்டத்துப் பக்கம் குடியிருந்தாள். அவள் அப்பா அம்மா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு வந்தவர்கள். ஜன்னல் திரையிலும் சோபா உறையிலும் மிச்சமாகிற தடித்துணிகளை வாங்கி வந்து பை தைத்து விற்பாள். ஆக்சிலியா கேமராவைக் கொண்டுபோய் அவளுடைய தையல் மேசையில் வைத்து விஷயத்தைச் சொன்னாள். ரோசலினைப் பற்றி ருக்குவுக்கும் தெரிந்திருந்தது. நாடாவால் கேமராவைச் சுற்றி அளந்தாள்.

"ஜிப்பு வைக்கவா?"

"வேண்டாம். சத்தம் வரும். அந்த ஒட்டுற பட்டையும் வேண்டாம். பர்ருன்னு கிழியிற சத்தம். எளவு வீட்டுல அதக் கேட்டா எல்லாரும் திரும்புவாவ."

"அப்ப உள்ளுக்கு ஒரு மூடி, ஒரு பொத்தான். சரிதானே? அடியில ரப்பர் ஷீட்டு குடுக்குறேன், ஈரத்துல வச்சாலும் ஊறாது." ருக்கு மூலையிலிருந்து ஒரு பழைய லைஃப் ஜாக்கெட்டை இழுத்தாள். துணி கிழிந்து ஆரஞ்சு நிறம் வெளுத்திருந்தது. கத்தரியால் அதைக் கீறி உள்ளிருந்த நுரைப் பலகையை வெளியே எடுத்தாள். "இது வச்சா கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. தண்ணியும் ஏறாது."

"புதுத்துணி போடாத ருக்கு. புதுசுன்னா கண்ணுல படும்."

"என்னோட பழைய பையப் பிரிச்சே தைக்கிறேன். மேல எப்பவும் ஒரு துண்டு, ஒரு தேங்கா, ரெண்டு வெங்காயம் போட்டு வைங்க. ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

பை நன்றாக வந்தது. முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு ஒரு கையால் பொத்தானைக் கழற்றி, மறு கையால் கேமராவை எடுத்துவிடலாம். ஃபிளாஷும் பேட்டரியும் பக்கவாட்டுப் பையில். பட்டை தோளை அறுக்கவில்லை. வெளியே பார்த்தால் சந்தையிலிருந்து திரும்பும் பெண்.

முதல் தடவை அந்தப் பையோடு அவள் போனது ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் மூழ்கியபோது. கடைத்தெரு முழுக்க நடந்தாள். டீக்கடையில் யாரும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. ஒருத்தி நிறுத்தி மத்தி என்ன விலை என்று கேட்டாள். ஆக்சிலியா பதில் சொன்னாள். இன்னொருத்தி பேரனின் அட்டைப் படம் எப்போது கிடைக்கும் என்றாள். அதற்கும் சொன்னாள். வேலையை முடித்துத் திரும்புகிறபோது இன்னும் சிலர் பேசினார்கள். கறுப்புப் பை இருந்த நாட்களில் யாரும் அவளிடம் பேச மாட்டார்கள், தலையைக் குனிந்துகொண்டு நடந்தால் போதும். இப்போது செத்தவனின் முகம் கண்ணுக்குள் இருக்கும்போதே மத்தி விலை சொல்ல வேண்டியிருந்தது. சிரிக்க வேண்டியிருந்தது. அதைச் செய்ய அவள் கற்றுக்கொண்டாள். மழைக்காலம் ஒன்று அப்படியே போனது.

பிறகு ஒரு கப்பல் நாள். காலையில் தானாவின் ஜீப் வந்து அவளைத் தோட்டத்துக்கு அப்பால் இருக்கிற நாலாவுக்குக் கூட்டிப்போனது. நாலா என்றால் கடல் ஏறி இறங்கும் ஓடை, இருபுறமும் அலையாத்திக் காடு. விடியற்காலையில் நண்டுக்கூடு எடுக்க இறங்கியவனை முதலை பிடித்திருந்தது. அந்தப் பக்கம் வலை போட வந்த வங்காளிகள் பார்த்துக் கூச்சல் போட்டு, கம்பால் அடித்து, எப்படியோ உடலை இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கரையில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது.

"தீதி, ஜல்தி. ஜ்யாதா மத் தேக்கோ" என்றான் கான்ஸ்டபிள். சீக்கிரம் எடு, ரொம்பப் பார்க்காதே என்றான். அவனே பார்க்கவில்லை.

ஆக்சிலியா பார்க்காமல் எடுக்க முடியாது. சேற்றில் நின்று, சொன்ன பக்கங்களிலிருந்தெல்லாம் எடுத்தாள். சைக்கிளைப் பார்த்ததுமே அவளுக்கு யார் என்று தெரிந்துவிட்டது. ரவிக்குமார். ராக்கப்பனுக்கும் தங்கம்மாவுக்கும் ஒரே மகன். ஜெட்டியில் மூட்டை இறக்குகிறவன். ஐலண்டர் கார்டு படத்துக்கு வந்தபோது சிரிக்கலாமா என்று கேட்டவன்.

உடலை ஜீப்பில் ஏற்றினார்கள். அவளுக்கு இடமில்லை. "அதிகாரி பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் சொல்வார், அதுவரை வாயைத் திறக்காதே" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் நடந்தாள். திரும்பும் வழி தோட்டத்து லயங்களுக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, நடுவில்தான்.

தங்கம்மா வேலியோரம் முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க தங்கச்சி! எங்க இந்தப் பக்கம்? ரேஷனுக்கா?"

"ஆமாக்கா" என்றாள் ஆக்சிலியா. வாயில் அதுதான் வந்தது.

"முகமெல்லாம் வாடிப் போயிருக்கே. வெயிலு. வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"இல்லக்கா, நேரமாச்சு."

"எங்க வீட்டுல குடிக்க மாட்டீங்களா?"

அதற்கு மேல் மறுக்க அவளால் முடியவில்லை. போய்விடவும் முடியவில்லை. தானாவின் ஜீப் வருகிறபோது இந்தப் பொம்பளை தனியாக இருப்பாளே என்றும் ஒரு நினைப்பு. ராக்கப்பன் வேலைக்குப் போயிருந்தான். ஆக்சிலியா படியில் உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டு. தங்கம்மா பால் விடாத தேநீரைக் கிளாஸில் கொண்டுவந்து கொடுத்தாள். ஆக்சிலியா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நானே கடைக்கு வரணும்னு இருந்தேன் தங்கச்சி. நம்ம ரவிக்குத் திக்லிபூர்ல ஒரு பொண்ணு பாத்திருக்கு. நம்ம ஆளுங்கதான். மாப்பிள போட்டோ அனுப்பச் சொல்றாங்க. கார்டுல இருக்கறது திருடன் மாதிரி இருக்குன்னு இவன் அனுப்ப விடல. ஞாயித்துக்கெழம கூட்டியாறேன், நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுங்க. சட்ட எந்த நிறத்துல போட்டா எடுப்பா இருக்கும்?"

ஆக்சிலியா தேநீரை விழுங்கினாள். "நீலம்" என்று சொன்னதாக அவளே பிற்பாடு சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இந்தக் கீரய கொண்டுபோங்க, ஒத்த ஆளுக்கு ரெண்டு நாளைக்கு ஆகும்" என்று தங்கம்மா கட்டி வைத்த கீரையை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

"நான் வச்சுக்கிடுகேன்..."

"இருங்க, டீ கொட்டிரும்." சந்தைப் பைதானே. அவள் உரிமையாகத் துண்டை விலக்கி, வெங்காயத்தை ஒதுக்கி, உள் மூடியின் பொத்தானை நெகிழ்த்தினாள். கை அங்கேயே நின்றது. கேமரா. பட்டையில் இன்னும் காயாத நாலாச் சேறு.

தங்கம்மா நிமிரவில்லை. "யாரு தங்கச்சி?" என்றாள். "நம்ம லயத்துலயா?"

ஆக்சிலியா வாயைத் திறந்தாள். தெரியாது என்ற சொல் பல வருஷப் பழக்கத்தில் நாக்கில் தயாராக இருந்தது. அதைச் சொல்ல முடியவில்லை.

"அக்கா, ரவிக்குமாரு" என்றாள்.

தங்கம்மா கத்தவில்லை. கீரைக்கட்டைக் கேமராவின் மேல் பக்குவமாக வைத்தாள். மூடியை மூடினாள். பொத்தானைப் போட்டாள். "எம்மவன் ஜெட்டியில மூட்ட எறக்குறான். இன்னிக்கிக் கப்பலு" என்றாள். "நீங்க டீயக் குடிச்சிட்டுப் போங்க."

ஜீப் வந்து நிற்கும்வரை இரண்டு பேரும் அந்தப் படியிலேயே இருந்தார்கள். அதிகாரி இறங்கி, ஆக்சிலியாவை அங்கே கண்டதும் முகம் சிவந்தார். அவர் பேச ஆரம்பிக்கும் முன்னாலேயே தங்கம்மா எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்புறம்தான் அந்தச் சத்தம் வந்தது.

உடலைத் துணியால் முழுக்கச் சுற்றி ஆஸ்பத்திரியிலிருந்தே நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். முகத்தைத் திறக்க வேண்டாம் என்று டாக்டரும் சொன்னார், ராக்கப்பனும் தலையாட்டிவிட்டான். தாய்க்குக் காட்டவில்லை. காரியத்துக்கு வைக்க ஆக்சிலியா கம்ப்யூட்டரில் இருந்த கார்டு படத்தையே பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொண்டுபோனாள். ராக்கப்பன் வேலிக்கு வெளியே வந்து வாங்கிக்கொண்டான். உள்ளே வா என்று சொல்லவில்லை.

பேச்சு பரவிவிட்டது. பிள்ளையைப் படம் பிடித்துக்கொண்டு வந்து அவன் அம்மா கையால் தேநீர் வாங்கிக் குடித்தாள், கல்யாணப் படத்துக்குச் சட்டை நிறம் சொன்னாள். லயத்தில் இதைச் சொல்லாதவர்கள் இல்லை. நடந்தது அதுதான் என்பதால் ஆக்சிலியாவாலும் மறுக்க முடியவில்லை. அதோடு, காவித் துணிப்பையைப் பார்த்தாலே ஜனங்களுக்கு ஆகாமல் போனது. மாட்டிக்கொண்டிருந்த பெண்கள் கழற்றி வைத்தார்கள். ருக்குவிடம் பை வாங்க ஆள் வருவது குறைந்தது. ஆக்சிலியா இனி எதை மாட்டிக்கொண்டு நடந்தாலும், வெறுங்கையோடு நடந்தாலும், பார்ப்பார்கள் என்று ஆகிவிட்டது.

அவள் ருக்குவிடம் போனாள். "என்னால ஒனக்குத் தொழில் போச்சு" என்றாள்.

ருக்கு தையல் மிஷினை நிறுத்தவில்லை. "திரை தைக்கிறேன். அது ஓடுது" என்றாள். துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "தங்கம்மா அக்கா எங்க சொந்தம், தெரியுமில்ல?" என்று கேட்டாள். ஆக்சிலியாவுக்குத் தெரியாது.

தானாவில் போய், வீட்டாருக்குச் சொன்ன பிறகு மட்டும் கூப்பிடுங்கள், ஜீப்பில் கூட்டிப்போய் ஜீப்பிலேயே கொண்டுவந்து விடுங்கள், இல்லையென்றால் வரமாட்டேன் என்று சொன்னாள். அதிகாரி அவளை வரவே வேண்டாம் என்றார். ஒரு கான்ஸ்டபிளைப் போர்ட் பிளேயருக்கு அனுப்பிக் கேமரா பழக வைத்தார்கள். செத்தது பெண்ணாக இருந்தால் மட்டும் இப்போதும் ஜீப் ஸ்டுடியோ வாசலில் வந்து நிற்கிறது. ஆக்சிலியா ஏறிக்கொள்கிறாள். எந்த வீட்டுக்கு என்று கேட்டுக்கொள்கிறாள். வீட்டில் சொல்லியாயிற்றா என்றும் கேட்கிறாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு கப்பல் நாளில் தங்கம்மா ஸ்டுடியோவுக்கு வந்தாள். தலை சீவியிருந்தாள், நல்ல சேலை கட்டியிருந்தாள். வேறு நாற்காலி இல்லாததால் நீலத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆக்சிலியா கையிலிருந்ததை வைத்துவிட்டு நின்றாள்.

"எனக்குக் காட்டல" என்றாள் தங்கம்மா. "நீங்கதான் பாத்தீங்க. சொல்லுங்க."

"படம் எல்லாத்தயும் தானாவுல குடுத்தாச்சுக்கா. எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"படம் கேக்கல."

வெளியே கப்பலிலிருந்து இறங்கியவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஆக்சிலியா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். முகத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும். கையைப் பற்றியும் சொல்ல முடியாது.

"காலு ரெண்டும் நல்லா இருந்துச்சுக்கா" என்றாள். "ஒரு கீறல் இல்ல. ஒரு செருப்பு காலுலயே இருந்துச்சு."

தங்கம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள். அடுத்த கப்பல் நாளிலும் வந்தாள். அதற்கடுத்த கப்பலுக்கும். இப்போதும் வருகிறாள். படம் எடுக்க யாராவது வந்தால் ஸ்டூலை விட்டு எழுந்து சுவரோரம் நிற்பாள். அவர்கள் போனதும் மறுபடி உட்கார்வாள்.

"செருப்பு எந்தக் காலுல இருந்துச்சு?" என்று கேட்பாள்.

"எடது காலுலக்கா" என்பாள் ஆக்சிலியா.